கப்பலுக்குக் காத்திருந்த கரைகளின் கிறிஸ்துமஸ்

ஜெர்மனியின் கிறிஸ்துமஸ் சந்தைகளைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலோர் மனத்தில் எழுவன பனி மூடிய மலைச்சரிவுகளும் ஊசியிலைக் காடுகளும் நியூரம்பெர்க், டிரெஸ்டன் போன்ற உள்நாட்டு நகரங்களுமே. அதே நாட்டின் வடக்கு எல்லையில் வடகடலும் பால்டிக் கடலும் தழுவிக் கிடக்கும் நீண்ட கடற்கரைக்கு இந்தப் பண்டிகையில் தனியொரு மரபு உண்டு என்பதும், உலகெங்கும் பரவிவிட்ட கிறிஸ்துமஸ் வழக்கங்களுள் குறிப்பிடத்தக்க ஒன்று அந்தக் கரையிலேயே பிறந்தது என்பதும் அவ்வளவாக அறியப்படவில்லை. ஹாம்பர்க், பிரேமன், லூபெக், ரோஸ்டாக் ஆகிய துறைமுக நகரங்களிலும், ஃபோர், சில்ட், போர்க்கும் போன்ற தீவுகளிலும் டிசம்பர் மாத வழக்கங்களை ஒருசேர வைத்துப் பார்த்தால், கடல் கொண்டுவந்து இறக்கிய பொருள்கள், கரையில் கிடைக்காத பொருள்கள், கடலுக்குச் சென்று திரும்ப வேண்டிய மனிதர்கள் ஆகிய மூன்றுமே அவற்றுக்கு உருவம் கொடுத்தன என்பது தெளிவாகும்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிற்றுக்கிழமைகளை உள்ளடக்கிய ஆயத்தக் காலத்தைத் திருச்சபைகள் திருவருகைக் காலம் என்று கடைப்பிடிக்கின்றன. நான்காவது ஞாயிறு கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாளாகவும் அமையலாம், ஒரு வாரம் முன்னதாகவும் அமையலாம் என்பதால், இக்காலம் நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் இடைப்பட்ட ஏதேனும் ஒரு ஞாயிறன்று தொடங்குகிறது. பழங்காலத்தில் இது நோன்புக் காலமாக இருந்தது. இதற்கு முந்தைய ஞாயிறு, புராட்டஸ்டண்டு மரபில் இறந்தோரை நினைவுகூரும் நாள். பிரஷ்யாவின் அரசர் மூன்றாம் ஃபிரெடெரிக் வில்லியம் 1816இல் ஏற்படுத்திய இந்நாளுக்கு வடக்கே இன்னும் மதிப்பு இருப்பதால், பல நகரங்களில் அந்த ஞாயிறு கழிந்து திங்கட்கிழமை அன்றுதான் சந்தைகள் திறக்கப்படுகின்றன. அப்போது ஹாம்பர்க் பகுதியில் பகற்பொழுது ஏறத்தாழ ஏழரை மணி நேரமாகச் சுருங்கி, மாலை நான்கு மணிக்கே சூரியன் மறைந்துவிடும் நிலை நெருங்கிக்கொண்டிருக்கும். உறைபனியைவிட ஈரக்காற்றும் சாரல் மழையுமே இக்கடற்கரையின் குளிர்கால இயல்பு.

மழைக்கு ஒதுங்கிய கடைகள்

இந்த வானிலைதான் ஹாம்பர்க் நகரின் பழம்பெரும் சந்தைக்கு வித்திட்டது. அந்நகரின் புனித மரியா பேராலயத்துக்குள் மழைக்கும் காற்றுக்கும் ஒதுங்கிய வணிகர்களும் கைவினைஞர்களும் கழைக்கூத்தர்களும் அங்கேயே கடை விரித்துப் பழகிவிட்டனர். வழிபாட்டு இடம் சந்தையாவதைப் பொறுக்காத பேராயர் 1329இல் இதற்குத் தடை விதித்தார். ஆயினும் மக்களின் எதிர்ப்பு ஓயாததால், வானிலை மோசமாக இருக்கும் நாள்களில் மட்டும் உள்ளே வரலாம் என்று 1337இல் விட்டுக்கொடுக்க நேர்ந்தது. ஹாம்பர்க்கில் வானிலை மோசமாக இல்லாத குளிர்கால நாள்கள் குறைவு என்பதால், அந்த நிபந்தனை வணிகர்களுக்குச் சாதகமாகவே முடிந்திருக்க வேண்டும். பேராலயத்தை இடிக்கும் பணி 1804இல் தொடங்கியபோது கடைகள் நகரின் வெவ்வேறு திடல்களுக்குச் சிதறின. 1893 முதல் அவை ஹைலிகென்கைஸ்ட்ஃபெல்டு என்னும் பெருந்திடலில் ஒன்றுகூடின. இராட்டினங்களும் தின்பண்டக் கடைகளும் நிறைந்த அந்தப் பொருட்காட்சி, இல்லாமற்போன பேராலயத்தின் பெயராலேயே ‘டோம்’ என்று இன்றும் அழைக்கப்படுகிறது.

பால்டிக் கரையில் லூபெக் நகரின் கிறிஸ்துமஸ் சந்தை பற்றிய முதற்குறிப்பு 1648ஆம் ஆண்டைச் சேர்ந்தது. இடைக்காலத்தில் வட ஐரோப்பிய வணிக நகரங்கள் தம் கப்பல் வாணிகத்தைக் காத்துக்கொள்ள அமைத்த ‘ஹன்சா’ கூட்டமைப்பின் தலைநகராக விளங்கிய இந்நகரம், லூனெபுர்க் உப்பையும் வடபுலத்து ஹெர்ரிங் மீனையும் கைமாற்றிச் செல்வம் சேர்த்தது. குளிர்காலம் முற்றிக் கடற்போக்குவரத்து முடங்குவதற்கு முன் வீடுகளுக்கு வேண்டியதை வாங்கிவைக்கும் சந்தைகள் இத்தகைய ஊர்களில் இயல்பாகவே தேவைப்பட்டன. 16ஆம் நூற்றாண்டின் சமயச் சீர்திருத்தத்துக்குப் பின், புனிதர் வணக்கத்தை ஏற்காத புராட்டஸ்டண்டுகள் குழந்தைகளுக்குப் பரிசளிக்கும் நாளைப் படிப்படியாகப் புனித நிக்கோலஸ் நாளான டிசம்பர் 6இலிருந்து கிறிஸ்துமஸுக்கு மாற்றியபோது, அந்தச் சந்தைகளில் மரப்பொம்மைகளும் இனிப்புகளும் இடம்பிடித்தன.

லூபெக்கில் இம்மரபை நெருங்கிக் காண ஏற்ற இடம், 1286இல் கட்டிமுடிக்கப்பட்ட தூய ஆவி மருத்துவ இல்லம். செல்வந்த வணிகர்களின் கொடையால் எழுந்த இந்த அறநிலையத்தில் முதியோரும் நோயாளிகளும் ஒரே நீண்ட கூடத்தில் வரிசையாகக் கட்டிலிட்டுப் படுத்திருந்தனர். அவர்களுக்குத் தனிமை கிடைக்கட்டும் என்று 1820இல் அக்கூடத்துக்குள் மேற்கூரையற்ற சிறு மரத்தடுப்பறைகள் அமைக்கப்பட்டன. ஒரு கட்டிலும் ஒரு பெட்டியும் வைத்தால் கால் நீட்ட இடமில்லாத அந்த அறைகளில் 1970 வரையிலும் முதியோர் வாழ்ந்தனர். இப்போது திருவருகைக் காலத்தில் கைவினைக் கலைஞர்கள் அதே அறைகளில் ஆளுக்கொன்றாக அமர்ந்து கம்பளி ஆடை, மண்பாண்டம், நகை, கண்ணாடிப் பொருள்கள் ஆகியவற்றை விற்கின்றனர். வாங்க வருவோர் ஒருவர் பின் ஒருவராக அந்தக் குறுகிய நடைவழியில் நகர வேண்டியிருக்கிறது.

கிழக்கே ரோஸ்டாக் நகரின் சந்தை இதற்கு நேர்மாறானது. நகரின் புதுச்சந்தைத் திடலிலிருந்து கடைத்தெருவைக் கடந்து துறைமுகம் வரை சுமார் 3 கிலோமீட்டர் நீளத்துக்கு விரியும் அது, வட ஜெர்மனியின் மிகப்பெரிய கிறிஸ்துமஸ் சந்தையாகக் கருதப்படுகிறது. மேற்கே எம்டன் நகரில் கடைகள் நகரமன்றத்தை ஒட்டிய பழைய துறைமுகக் குடாவைச் சுற்றி நிற்க, அங்கே அருங்காட்சியகமாக்கப்பட்ட கலங்கரைக் கப்பலும் மீட்புக் கப்பலும் விளக்கலங்காரத்துடன் மிதக்கின்றன. சந்தைக்குச் சந்தை காட்சி மாறினாலும் நடைமுறை ஒன்றே: மசாலாப் பொருள்கள் இட்டுச் சூடாக்கிய திராட்சைமது கண்ணாடிக் குவளையிலோ பீங்கான் குவளையிலோ தரப்படுகிறது; குவளைக்கென முன்பணம் வசூலிக்கப்பட்டு, திருப்பித் தரும்போது அது கொடுக்கப்படுகிறது; நகரின் பெயரும் படமும் பொறித்த குவளையை முன்பணத்தை விட்டுக்கொடுத்து வீட்டுக்கு எடுத்துச்செல்வோரும் ஏராளம்.

மாலுமிகளின் புனிதர்

டிசம்பர் 6 நிக்கோலஸ் திருநாள். இன்றைய துருக்கியின் தென்கரையில் இருந்த மீரா நகரின் ஆயரான புனித நிக்கோலஸ், குழந்தைகளுக்குப் பரிசு தருபவராக உலகறிந்தவர்; ஆனால் துறைமுக மக்களுக்கு அவர் முதலில் மாலுமிகளுக்கும் வணிகர்களுக்கும் பாதுகாவலர். ஹாம்பர்க், கீல், விஸ்மார், ரோஸ்டாக், ஸ்ட்ரால்சுண்டு என்று கரைநெடுகிலும் அவர் பெயரால் கோயில்கள் எழுந்தமைக்கு இதுவே காரணம். டிசம்பர் 5 இரவில் பிள்ளைகள் தங்கள் காலணியைத் துலக்கி வாசலில் வைப்பதும், விடிந்ததும் அதில் கொட்டைகளும் இனிப்பும் இருப்பதும் நாடு முழுவதும் உள்ள வழக்கம். கிழக்கு ஃப்ரீசியக் கரையில் அதே மாலையில் பெரியவர்களும் பகடை உருட்டி, வென்றவர் தின்பண்டம் பெறும் விளையாட்டில் ஈடுபடுகின்றனர்.

போர்க்கும் தீவில் அந்த இரவு வேறு விதமானது. ஆட்டுத்தோலும் பறவை இறகுகளும் கொண்டு செய்த கனத்த முகமூடிகளை அணிந்த மணமாகாத இளைஞர்கள் தெருக்களில் வலம்வரும் ‘கிளாஸ்ஓம்’ என்னும் சடங்கைத் தீவினர் தமக்கே உரியதாகப் பேணிவந்தனர். ஆண்கள் மாதக்கணக்கில் திமிங்கில வேட்டைக்குச் சென்றிருந்த காலத்தில் தீவின் நிர்வாகம் பெண்கள் கையில் இருந்தது என்றும், திரும்பிவந்த ஆண்கள் தம் அதிகாரத்தை மீண்டும் நிலைநாட்டியதன் எச்சமே இச்சடங்கு என்றும் விளக்கம் சொல்லப்படுவதுண்டு. தெருவில் அகப்படும் பெண்களைப் பிடித்து மாட்டுக்கொம்பால் அடிக்கும் வழக்கமும் இதில் ஒரு பகுதியாக இருந்தது. 2024இல் ஒரு தொலைக்காட்சி ஆவணப்படம் இதை வெளிக்கொணர்ந்ததை அடுத்து நாடெங்கும் கண்டனம் எழவே, சடங்கை நடத்தும் சங்கம் அடிக்கும் வழக்கத்தைக் கைவிடுவதாக அறிவித்தது. தொன்மை என்பதாலேயே ஒரு வழக்கம் கேள்விக்கு அப்பாற்பட்டதாகிவிடாது என்பதற்கு இத்தீவு அண்மைக்காலச் சான்று.

வண்டிச்சக்கரம் விளக்கானது

இன்று உலகின் பல நாடுகளிலும் திருவருகைக் காலத்தில் நான்கு மெழுகுவர்த்திகள் பொருத்திய பசுமை வளையம் வைக்கப்படுகிறது. ஞாயிறு தோறும் ஒரு மெழுகுவர்த்தி கூடுதலாக ஏற்றப்படுகிறது. இவ்வழக்கம் தொன்மையானது என்று எண்ணுவோர் பலர். உண்மையில் இதற்குத் தெளிவான பிறப்பிடமும் ஆண்டும் உண்டு.

19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஹாம்பர்க் துறைமுகம் கொழித்த அளவுக்கு அதன் நெருக்கடியான குடியிருப்புகளில் வறுமையும் பெருகிக் கிடந்தது. ஆதரவற்ற சிறுவர்களுக்காக யோகான் ஹின்ரிக் விக்கெர்ன் என்ற இளம் இறையியலர் 1833இல் நகரின் புறத்தே ‘ரௌஎஸ் ஹவுஸ்’ என்ற இல்லத்தை நிறுவினார். கிறிஸ்துமஸ் எப்போது வரும் என்று சிறுவர்கள் நாள்தோறும் கேட்டுக்கொண்டே இருந்ததால், நாள்களைக் கண்ணால் எண்ணும்படி 1839இல் அவர் ஒரு ஏற்பாடு செய்தார். பழைய வண்டிச்சக்கரம் ஒன்றில் ஞாயிற்றுக்கிழமைகளுக்கு நான்கு பெரிய வெள்ளை மெழுகுவர்த்திகளும், மற்ற நாள்களுக்குச் சிறிய சிவப்பு மெழுகுவர்த்திகளும் பொருத்தப்பட்டன. அன்றாடம் செபத்தின்போது ஒன்று கூடுதலாக ஏற்றப்பட்டது. அவ்வாண்டு திருவருகைக் காலம் டிசம்பர் 1இல் தொடங்கியதால் சிறியவை 20, பெரியவை 4 என்று மொத்தம் 24 தேவைப்பட்டன. ஞாயிறு முன்னும் பின்னும் நகரும் ஆண்டுகளில் சிறியவற்றின் எண்ணிக்கை 18 முதல் 24 வரை மாறும். ஆகவே, அச்சக்கரம் அலங்காரப் பொருளாக அன்று, எண்ணக் கற்பிக்கும் நாள்காட்டியாகவே பிறந்தது எனலாம்.

சுமார் 1860 முதல் சக்கரத்தைச் சுற்றி ஊசியிலைக் கொத்துகள் கட்டப்பட்டன. வழக்கம் வீடுகளுக்குப் பரவியபோது மேசைமேல் வைக்கும் அளவுக்கு வளையம் சிறுத்து, மெழுகுவர்த்திகள் நான்காகக் குறைந்தன. புராட்டஸ்டண்டு வடக்கில் பிறந்த இதைக் கத்தோலிக்கர் ஏற்கச் சிறிது காலம் பிடித்தது. கொலோன் நகரில் 1925இல்தான் கத்தோலிக்கக் கோயில் ஒன்றில் இது முதன்முதலாக இடம்பெற்றது. ஹாம்பர்க்கின் புனித மிக்கேல் கோயிலில் இன்றும் அத்தனை நாள்களுக்கும் அத்தனை மெழுகுவர்த்திகள் கொண்ட பழைய பெருவளையம் தொங்குகிறது.

மரமில்லாத் தீவுகள்

ஊசியிலை மரத்தை வெட்டிவந்து வீட்டினுள் நிறுத்தி விளக்கேற்றும் வழக்கம் ஜெர்மன் நகரங்களில் பரவியபோது வட ஃப்ரீசியத் தீவுகளுக்கு ஒரு சிக்கல் எழுந்தது. உப்புக்காற்று ஓயாமல் வீசும் ஃபோர், சில்ட், அம்ரும் தீவுகளில் அன்று காடு இருக்கவில்லை. நிலப்பரப்பிலிருந்து படகில் மரம் கொண்டுவருவது சாதாரணக் குடும்பங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. இதற்குத் தீவினர் கண்ட மாற்று, ஃபோர் தீவில் ‘கென்கென்பூம்’ என்றும் சில்ட் தீவில் ‘யோல்போம்’ என்றும் அழைக்கப்படும் மரச்சட்ட மரம்.

அதன் அமைப்பு எளிமையானது. ஒரு சிறு பீடத்தில் நடப்பட்ட செங்குத்துக் கம்புக்குக் குறுக்கே சட்டங்கள் அடித்து, சுற்றிலும் வில்போல் வளைத்த விளிம்பு கட்டி, ஐவிக்கொடி போன்ற பசுமை மாறாத தழைகளால் அதை மூடுவர். உலர்திராட்சைச் சரங்களும் ஆப்பிளும் சட்டங்களில் தொங்கும். கோதுமை மாவைப் பிசைந்து சுட்டு, சில இடங்களில் பீட்ரூட் சாற்றால் சிவப்புத் தீட்டிய உருவங்களே இதன் சிறப்பு. அடியில் ஆதாமும் ஏவாளும் பாம்பு சுற்றிய மரத்தின் இருபுறமும் நிற்பர். மேலே குதிரை, பசு, பன்றி, சேவல், மீன் ஆகியவற்றுடன் பாய் விரித்த கப்பலும் இருக்கும். விவிலியத்தின் முதல் மனிதரில் தொடங்கித் தொழுவமும் கடலுமாக விரியும் இந்த வரிசையில், ஒரு தீவுக் குடும்பம் எதை நம்பி வாழ்ந்ததோ அது முழுவதும் மாவில் எழுதப்பட்டிருக்கிறது. வீட்டு வாசலையோ தெருவையோ நோக்கிய சன்னல் விளிம்பில் வைக்கத்தக்க அளவே இருப்பதால், மரம் எளிதில் கிடைக்கும் இக்காலத்திலும் பல வீடுகளில் இது தொடர்கிறது.

இத்தீவுகளின் ஆண்கள் 17, 18ஆம் நூற்றாண்டுகளில் ஆம்ஸ்டர்டாம், ஹாம்பர்க் கப்பல்களில் ஏறி ஸ்பிட்ஸ்பெர்கன், கிரீன்லாந்து கடல்களுக்குத் திமிங்கில வேட்டைக்குச் சென்றனர். பிப்ரவரி பிற்பகுதியில் புறப்பட்டவர்கள் இலையுதிர் காலத்தில் திரும்புவர், திரும்பாதவர்களும் உண்டு. பிப்ரவரி 21 அன்று மூட்டப்படும் ‘பீகெ’ தீ அவர்களை வழியனுப்புவதாகப் பிற்காலத்தில் பொருள் கொள்ளப்பட்டது. குடும்பம் முழுவதும் ஒரே கூரையின்கீழ் இருந்த பருவத்தில் கிறிஸ்துமஸ் வந்ததால், தீவுகளில் திருமணங்களும் கூட்டங்களும் விருந்துகளும் குளிர்காலத்திலேயே குவிந்தன.

சர்க்கரையும் பாதாமும் பட்டையும்

கரையில் விளையாதவற்றைக் கொண்டே கடற்கரை நகரங்கள் தம் பண்டிகைப் பண்டங்களைச் செய்தன. பாதாம் பருப்பையும் சர்க்கரையையும் அரைத்துச் செய்யும் மார்சிபான் இதற்குத் தலைசிறந்த எடுத்துக்காட்டு. 1407ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் மாவு தீர்ந்து, கிடங்கில் எஞ்சியிருந்த பாதாமில் லூபெக் மக்கள் ரொட்டி சுட்டதாக வழங்கும் கதை வெறும் கதையே; பாதாமும் சர்க்கரையும் அன்று செல்வர்க்கே எட்டக்கூடிய இறக்குமதிச் சரக்குகள். அந்நகரத்துத் தொழிற்சங்க ஆவணங்களில் மார்சிபானின் பெயர் 1530இல் காணப்படுகிறது. உல்ம் நகரிலிருந்து வந்த யோகான் கேயோர்க் நீடெரெக்கர் 1806இல் லூபெக்கில் ஓர் இனிப்பகத்தை ஏற்று நடத்தத் தொடங்கியதும், கிழங்குச் சர்க்கரை பெருகி விலை சரிந்ததும் அதைப் பரவலாக்கின. தோல் நீக்கிய பாதாமைச் சர்க்கரையுடன் உருளைகளில் அரைத்து, செப்புக் கொப்பரையில் வறுத்து ஆறவைத்துப் பெறும் அடிப்படைக் கலவை குறைந்தது 70 விழுக்காடு இருந்தால்தான் ஒரு பண்டம் லூபெக் மார்சிபான் ஆகும். உயர்தர வகையில் 90 விழுக்காடு இருக்க வேண்டும். 1996 முதல் இப்பெயருக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் பாதுகாப்பும் உள்ளது.

பிரேமன் நகரின் ‘கிளாபென்’ உலர்திராட்சை அடர்ந்த கனத்த ரொட்டி; 1593ஆம் ஆண்டு நகரமன்ற ஆவணத்தில் அதன் பெயர் வருகிறது. ஹாம்பர்க்கின் பழுப்பு பிஸ்கட்டுகளுக்குச் சர்க்கரைப் பாகும் பட்டையும் கிராம்பும் ஏலக்காயும் சேர்த்த மாவைப் பல நாள்கள் ஊறவைத்து, மெல்லியதாகத் தேய்த்துச் சுடுவர். ஈஸ்டுக்குப் பதிலாகப் பொட்டாஷ் உப்பு இதை உப்பவைக்கிறது. மாவு ஊறும்போது உண்டாகும் புளிப்பு அந்த உப்பிலிருந்து வாயுவை வெளிப்படுத்துவதால்தான் காத்திருப்பு தேவைப்படுகிறது. 

இந்தப் பண்டங்களின் மணத்துக்குப் பின்னால் தென்னாசியக் கரைகளும் நிற்கின்றன. இலங்கையின் பட்டை விளையும் கரையோரத்தை 1658க்குள் போர்ச்சுகீசியரிடமிருந்து கைப்பற்றிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி அவ்வாணிகத்தைத் தனியுரிமையாக்கிக்கொண்டது. ஆம்ஸ்டர்டாம் வழியே பட்டை வட ஜெர்மனியை அடைந்தது. பின்னாளில் விலைமலிந்த காசியா பட்டை அதன் இடத்தைப் பிடித்தது. காசியாவில் மிகுதியாக உள்ள குமாரின் என்னும் வேதிப்பொருள் அளவு மீறினால் கல்லீரலைப் பாதிக்கக்கூடும் என்று ஜெர்மன் அரசின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் 2006இல் எச்சரித்தது. பட்டை கலந்த பண்டிகை பிஸ்கட்டுகளைக் குழந்தைகள் கட்டின்றித் தின்னும் நாட்டில் அது பெருஞ்செய்தியானதால், குமாரின் மிகக் குறைந்த இலங்கைப் பட்டையைப் பலர் மீண்டும் தேடத் தொடங்கினர்.

சர்க்கரையின் வரலாறு இத்தனை இனிப்பானதன்று. 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் முதன்மையான சர்க்கரைச் சுத்திகரிப்பு நகரங்களுள் ஒன்றாக ஹாம்பர்க் விளங்கியது. ஃபிளென்ஸ்புர்க் நகரக் கப்பல்கள் 1755 முதல் டென்மார்க்கின் கரீபியத் தீவுகளுக்குச் சென்று சர்க்கரையும் ரம்மும் ஏற்றிவந்தன. அத்தீவுகளின் கரும்புத் தோட்டங்களில் வேலை செய்தவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகள். அங்கு அடிமைமுறை 1848இல்தான் ஒழிந்தது. கடற்கரைச் சந்தைகளில் குளிருக்கு இதமாகப் பருகும் ரம் கலந்த சூடான பானங்கள் இவ்வாணிகத்தின் வழித்தோன்றல்களே என்பதை ஃபிளென்ஸ்புர்க்கின் கப்பல் அருங்காட்சியகம் மறைக்காமல் எடுத்துரைக்கிறது.

வீடு திரும்பாதவர்கள்

1953ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் மாலையில் வட ஜெர்மனியின் பொது வானொலி, கடலில் இருப்போருக்குக் குடும்பத்தார் அனுப்பும் வாழ்த்துகளை ஒலிபரப்பும் நிகழ்ச்சியைத் தொடங்கியது. செயற்கைக்கோள் தொலைபேசியும் இணையமும் வந்த பின்னரும் அது நிற்கவில்லை. தொலைதூரக் கடல்களை எட்டுவதற்காக அந்த ஓர் இரவுக்கு மட்டும் சிற்றலை அலைவரிசைகள் வாடகைக்கு எடுக்கப்படுகின்றன.

மாலுமிகளின் அவலநிலையை 1848ஆம் ஆண்டளவிலேயே திருச்சபையின் கவனத்துக்குக் கொண்டுவந்தவர் வண்டிச்சக்கர விளக்கை அமைத்த அதே விக்கெர்ன். அவ்வுணர்வின் தொடர்ச்சியாக 1886இல் ஜெர்மன் மாலுமியர் பணியகம் உருவாயிற்று. அதற்குச் சரியாக நூறாண்டுக்குப் பின் ஹாம்பர்க் துறைமுகத்தில் திறக்கப்பட்ட ‘டுக்டால்பென்’ மாலுமியர் மன்றத்தில் இன்று வந்து அமர்வோரில் ஜெர்மானியர் மிகக் குறைவு. பிலிப்பைன்ஸ், இந்தியா, சீனா முதலிய நாட்டவரே மிகுதி. பல சமயத்தாரும் தத்தம் முறைப்படி வழிபட அங்கே ஓர் அறை ஒதுக்கப்பட்டிருக்கிறது. சரக்குப்பெட்டகக் கப்பல்கள் சில மணி நேரத்தில் சரக்கை இறக்கி ஏற்றிக் கிளம்பிவிடுவதால் கரையிறங்க முடியாத மாலுமிகளுக்குப் பணியகத்தார் டிசம்பரில் பரிசுப்பைகளைக் கப்பலுக்கே கொண்டுசெல்கின்றனர்.

மரக்குடில்களும் சூடான மதுவும் மின்விளக்குத் தோரணங்களும் இன்று எந்த ஜெர்மன் நகரத்திலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அவற்றை மட்டும் பார்த்துத் திரும்புகிறவருக்கு லூபெக்குக்கும் மியூனிக்குக்கும் பெரிய வேறுபாடு தெரியாது. கடற்கரையின் தனித்தன்மை இருப்பது, நாள்களை எண்ணக் கற்றுக்கொடுத்த சக்கரத்திலும், மரத்துக்குப் பதில் நின்ற சட்டத்திலும், கப்பலில் இருப்பவனையும் பண்டிகைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளும் வழக்கத்திலும்தான். திமிங்கிலக் கப்பல்களும் பாய்மரக் கப்பல்களும் மறைந்தன; ஐரோப்பாவின் கடல்வணிகத்தைத் தாங்கும் மாலுமிகள் இப்போது பெரும்பாலும் வேறு கண்டங்களிலிருந்து வருகின்றனர். ஆகவே, அந்த மூன்றாவது வழக்கம் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்பதைச் சந்தைத் திடலைக் காட்டிலும் துறைமுகத்தின் சரக்குத் தளங்களே சரியாகக் காட்டும்.